வரி பதினான்கு

"இங்கிலீஷா?" என்றார் அப்பா
பால் லாரியின் ஏணியில் நின்றபடி.
"பொறந்ததுலேர்ந்து அதைத்தானே பேசுற.
காசு கட்டி வேற கத்துக்கணுமா?"

ஆங்கிலமும் தொடர்பியலும், என்றேன்.
அது இன்னும் மோசமாய்ப் போயிற்று.
எங்கள் வீட்டில் தொடர்பியல் என்பது
சமையலறைச் சுவரில் மாட்டிய போன்.
மணி அடித்தால் அம்மா எடுப்பாள்.

கல்லூரி வடக்கே, ஆறு உறையும் ஊரில்.
அக்கரை கனடா.
வண்டி உப்பு இறைத்துப் போன தெருவில்
பூட்ஸ் நறநறக்க வகுப்புக்குப் போவேன்.
அறைத்தோழி தவ்னாவுக்கு நர்ஸிங்.
அவள் புத்தகத்தில் இதயத்துக்கு நான்கு அறை.
என் புத்தகத்தில் ஒரு "ஓ"வுக்குப்
பதினொரு அர்த்தம்.
எங்களில் யாருக்கு வேலை கிடைக்கும் என்று
எவரும் கேட்டதில்லை.
கேட்கவேண்டிய கேள்வியா அது.

மூன்றாம் ஆண்டு, நவம்பர்.
பேராசிரியை மெக்னல்டி கொடுத்த வேலை:
சாப்பாட்டு மேசைப் பேச்சு, இரண்டே நிமிடம்,
டேப்பில் பிடித்து
அப்படியே எழுத வேண்டும்.
அப்படியே என்றால் அப்படியே.
இழுத்த மூச்சு, விழுங்கிய சொல்,
ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் ஏறிய இடம்.
மௌனத்தை மட்டும்
ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்து
அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் போனேன்.
ஒப்புதல் படிவத்தில் அப்பா கையெழுத்திட்டார்
பால் ரசீதில் இடுவதுபோல, படிக்காமல்.
அம்மா படித்தாள்.
"பேரை மாத்திடுவியா?"
மாற்றினேன். அவர் 'அ'. அவள் 'ஆ'.
நான் 'இ'.

இரண்டு நிமிடத்தை எழுத
ஒன்பது மணி நேரம்.
நூலக மூன்றாம் மாடியில், காதில் ஹெட்போன்,
அப்பாவின் முள்கரண்டியை
முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

13  ஆ:  நார்பர்ட் போன் பண்ணாரா
14      (4.2)
15  அ:  உப்பு எங்க
16  ஆ:  கைக்குப் பக்கத்துலதான்
17  இ:  ((சிரிப்பு))

நார்பர்ட் லாரிகளுக்குத் தடம் பிரித்துக் கொடுப்பவர்.
அதுவரை எனக்கு அவர்
கிறிஸ்துமஸுக்கு ஹாம் அனுப்புகிற ஆள்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது
என்கிறது பாடப்புத்தகம்.
அந்த மேசையில்தான் நானும் இருந்தேன்.
மசித்த உருளைக்கிழங்கில் குழி பறித்து
கிரேவி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை எனக்கு.
உப்பு பக்கத்திலேயே இருந்ததற்குச்
சிரித்தும் இருக்கிறேன்.

நான்காம் முறை ஓட்டியபோது
நாற்காலி கிரீச்சிட்டது.
ஏழாம் முறை, ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.
பத்தோ பன்னிரண்டோ, அப்போதுதான்
அம்மா மூச்சை உள்ளிழுத்தது கேட்டது,
எதையோ சொல்ல எடுத்து
சொல்லாமல் வைத்தது.
அதற்கும் ஒரு குறி இருக்கிறது:
ஒரு புள்ளி, பிறகு மூன்று ஹகரம்.
போட்டேன்.

'அ' பேச்சின் பொருளை மாற்றுகிறார்
என்று ஆய்வுரையில் எழுதினேன்.
ஏ மைனஸ் வந்தது.
ஓரத்தில் பச்சை மையில் பேராசிரியை:
"வரி 14 நம்பும்படி இல்லை. மறுபடி அள."
அளந்தேன்.
நான்கு புள்ளி இரண்டு.

ஞாயிறு மாலை விடுதி போனில் வரிசையில் நின்று
வீட்டைக் கூப்பிட்டேன்.
அம்மா எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றேன்.
இங்கே பனி. அங்கேயும் பனி.
தவ்னாவுக்குப் பரீட்சை.
நாய்க்குக் காது சரியாகிவிட்டது.

"லாரி எப்படிப்பா ஓடுது?"

வழக்கமாக இந்த இடத்தில்
நானே எதையாவது போட்டு மூடிவிடுவேன்.
சரிப்பா, பின்னால ஆள் நிக்குறாங்க, வைக்கிறேன்.
நிஜமாகவே நின்றார்கள்.
ஒருத்தன் சில்லறையைக் குலுக்கினான்.

இரண்டு நொடி.
நாக்கு நுனிக்கு வந்த "ம்ம்"மைக்
கடித்துப் பிடித்தேன்.
நாலு.
அங்கே ஃபிரிட்ஜ்.
ஐந்தரை.
ஆறு.

அப்பா மூச்சை இழுத்தார்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார்.